ஒத்த சுழற்சிப் பட்டைகளை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபோது, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் பௌதிகவியல் படிக்கிற ஒரு தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "அக்கா, நான் ஒரே கருவை ரெண்டு தரம் ஒட்டிப்போட்டன் போல கிடக்கு" என்றார். பார்த்தேன். ஒரு நிரலில் 42.8, 141.7, 294.3. பக்கத்து நிரலில் 42.7, 141.9, 296.2. பிழையாக ஒட்டவில்லை. முதலாவது புளுட்டோனியம்-240, இரண்டாவது கலிபோர்னியம்-250. நான்கு புரோத்தன், ஆறு நியூத்திரன், மொத்தம் பத்துத் துகள் வித்தியாசமான இரண்டு அணுக்கருக்கள் ஏறக்குறைய ஒரே சக்தி மட்டங்களில் சுழல்கின்றன.

ஒரு கரு சுழலும்போது ஏணிப் படிகள் போல வருகிற சக்தி மட்டங்களின் வரிசையைப் பட்டை என்பார்கள், இப்படி ஒத்துப்போகிறவற்றுக்குத்தான் ஒத்த சுழற்சிப் பட்டைகள் என்று பெயர். இதைப் பார்க்க முடுக்கி வேண்டாம், ஆய்வுகூடம் வேண்டாம். தரவு முழுவதும் இலவசமாகக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்துகொண்டே ஒரு விரிதாளில் செய்யலாம், கைப்பேசிக் கணிப்பானில்கூடச் செய்யலாம். உயர்தரத்தில் சடத்துவத் திருப்பம் (ஒரு பொருளைச் சுழலவைப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) படித்திருந்தால் உங்களுக்குத் தேவையானதில் முக்கால்வாசி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஆட்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இரண்டு எண்கள் கிட்டக்கிட்ட இருக்கின்றன என்பதற்காக அவை ஒத்த பட்டைகள் ஆகிவிடாது. அவை எவ்வளவு வேறுபட்டிருக்க வேண்டும் என்று முதலில் கணக்கிட வேண்டும். அதைவிட மிகக் குறைவாக வேறுபட்டால்தான் அது செய்தி.

தரவை எடுப்பது

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் இருக்கிற தேசிய அணுக்கருத் தரவு மையம் நியூடாட் என்று ஒரு தேடுபக்கம் வைத்திருக்கிறது. வியன்னாவில் இருக்கிற சர்வதேச அணுசக்தி முகமையின் லைவ் சார்ட்டும் அதே தரவைத்தான் காட்டும், கைப்பேசியில் பார்ப்பதற்கு அது வசதி. கருவின் பெயரைக் கொடுத்து மட்டங்களைக் கேட்டால் நீண்ட பட்டியல் ஒன்று வரும்: ஒவ்வொரு மட்டத்துக்கும் சக்தி, கோண உந்த எண், அதிலிருந்து வெளியேறும் காமாக் கதிர்கள். சக்தி கிலோ இலத்திரன்வோல்ற்றில் இருக்கும். வகுப்பில் சொல்வது போல நான் இனி கேஈவி என்றே எழுதுகிறேன்.

முதலில் புரோத்தனும் நியூத்திரனும் இரட்டை எண்ணாக இருக்கிற கருக்களை மட்டும் எடுங்கள். அவற்றின் தரைமட்டப் பட்டை, அதாவது மிகக் கீழ் மட்டத்தில் இருந்து தொடங்குகிற பட்டை, கோண உந்த எண்ணில் 0, 2, 4, 6, 8 என்று இரண்டு இரண்டாக ஏறும். மேலிருந்து கீழே வந்து பொறுக்கும்போது கவனம் வேண்டும். பட்டியலில் 2 என்று போட்ட மட்டம் ஒன்றுக்கு மேல் இருக்கும், எல்லாமே தரைமட்டப் பட்டையைச் சேர்ந்தவை அல்ல. எர்பியம்-166 இல் 80.6 கேஈவியில் ஒரு 2 இருக்கிறது, அதுதான் எங்களுடையது. 786 கேஈவியில் இன்னொரு 2 இருக்கிறது, அது வேறு பட்டையின் தொடக்கம். எந்த மட்டம் எந்தப் பட்டையில் என்று பக்கத்தில் குறியிட்டிருப்பார்கள், அதைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். பாரமான கருக்களில் 2 இலிருந்து 0 க்கு விழுகிற அந்த முதல் காமாக் கதிர் பெரும்பாலும் வெளியே வரவே வராது. சக்தியை ஓர் இலத்திரன் பறித்துக்கொண்டு ஓடிவிடும். யுரேனியத்தில் இப்படிப் போவது காமாவாக வருவதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். ஆகவே காமா நிரலை நம்பி இருக்க வேண்டாம். மட்டங்களின் சக்தியை எடுத்து நீங்களே கழியுங்கள்.

கழித்துப் பார்ப்பது

விரிதாளைத் திறந்து முதல் நிரலில் கோண உந்தம், இரண்டாவதில் மட்டத்தின் சக்தி, மூன்றாவதில் அதற்கும் அதற்குக் கீழே உள்ள மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசம். யுரேனியம்-238 ஐப் போடுவோம். மட்டங்கள் 44.92, 148.38, 307.18, 518.1. கழித்தால் 44.92, 103.46, 158.80, 210.9. இந்த வித்தியாசங்கள்தான் காமா சக்திகள், பட்டையின் கைரேகை. ஒப்பிடும்போது மட்டங்களை ஒப்பிடாமல் இந்த வித்தியாசங்களை ஒப்பிடுங்கள். கீழே வந்த சிறு பிழை மேலே உள்ள எல்லா மட்டங்களிலும் ஏறிக்கொண்டு போகும், வித்தியாசத்தில் அது வெட்டுப்பட்டுவிடும்.

அடுத்தது இது உண்மையிலேயே சுழற்சிதானா என்று பார்ப்பது. சுழல்கிற ஒரு விறைத்த உடலுக்குக் குவாண்டம் விதிப்படி சக்தி, கோண உந்த எண்ணை அதைவிட ஒன்று கூடிய எண்ணால் பெருக்கினால் வருகிற பெறுமானத்துக்கு விகிதசமம். 2 க்கு 2×3=6, 4 க்கு 4×5=20. இருபதை ஆறால் பிரித்தால் 3.33. உங்கள் கருவின் 4 மட்டத்தை 2 மட்டத்தால் பிரியுங்கள். யுரேனியம்-238 க்கு 148.38 ÷ 44.92 = 3.30. அருமையான சுழலி. இந்த விகிதம் 3 க்குக் கீழே வந்தால் அந்தக் கருவை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், அது சுழற்சியோடு அதிர்வையும் கலந்து வைத்திருக்கிறது, ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும்.

விகிதசமத்தின் மாறிலியில், பின்னத்தின் கீழே இருப்பது சடத்துவத் திருப்பம். சடத்துவத் திருப்பம் கூடினால் மட்டங்கள் நெருங்கும், குறைந்தால் விலகும். இங்கே ஒரு சுவையான விஷயம்: யுரேனியம்-238 ஐ விறைத்த கோளமாக எடுத்துச் சடத்துவத் திருப்பத்தைக் கணக்கிட்டால் வருவதில் ஏறக்குறைய பாதிதான் தரவில் இருந்து வருகிறது. ஏன் என்று வீட்டிலேயே பார்க்கலாம். அவித்த முட்டை ஒன்றையும் பச்சை முட்டை ஒன்றையும் மேசையில் சுழற்றுங்கள். அவித்தது முழுதாகச் சுழலும். பச்சை முட்டையில் கோது திரும்பும்போது உள்ளே இருப்பது உடனே கூடத் திரும்பாது. கருவுக்குள் துகள்கள் சோடி சேர்ந்து, உராய்வே இல்லாத பாய்மம் போல நடந்துகொள்கின்றன. அதனால் சுழற்சியில் எல்லாத் திணிவும் பங்கெடுப்பதில்லை. 1958 இல் ஆகே போர், பென் மொட்டல்சன், டேவிட் பைன்ஸ் மூவரும் இந்தச் சோடி சேரும் எண்ணத்தைக் கருவுக்குள் கொண்டுவந்தார்கள். நீண்ட கருக்கள் சுழல்வதை விளக்கிய வேலைக்காகப் போருக்கும் மொட்டல்சனுக்கும் ஜேம்ஸ் ரெயின்வோட்டருக்கும் 1975 இல் நோபல் பரிசு கிடைத்தது. முட்டை உதாரணம் முழுமையானது அல்ல, உராய்வு எப்போதும் உண்டுதானே, ஆனாலும் பாதி என்ற அந்த எண் மனதில் நிற்பதற்கு இது உதவும்.

எவ்வளவு வேறுபட வேண்டும்?

இதுதான் முழுக் கட்டுரையிலும் நீங்கள் நின்று நிதானித்துச் செய்ய வேண்டிய இடம்.

சடத்துவத் திருப்பம் திணிவையும் ஆரையின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவதற்கு விகிதசமம். கருவின் திணிவு திணிவெண்ணோடு (புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்த மொத்தம், 238 போல) நேராக ஏறும். கருவின் கனவளவும் திணிவெண்ணோடு நேராக ஏறும், ஆகவே ஆரை திணிவெண்ணின் 1/3 ஆம் வலு, ஆரையின் வர்க்கம் 2/3 ஆம் வலு. இரண்டையும் பெருக்கினால் திணிவெண்ணின் 5/3 ஆம் வலு. வேறு எதுவுமே மாறாமல் பருமன் மட்டும் மாறினால், பாரமான கருவின் சடத்துவத் திருப்பம் இந்த விகிதத்தில் கூட வேண்டும், அதே விகிதத்தில் காமா சக்திகள் குறைய வேண்டும்.

யுரேனியம் 236 க்கும் 238 க்கும் செய்து பார்ப்போம். 238 ஐ 236 ஆல் பிரித்து 5/3 ஆம் வலுவுக்கு உயர்த்தினால் 1.014. அதாவது 238 இன் சக்திகள் 1.4 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். யுரேனியம்-236 இன் மட்டங்கள் 45.24, 149.48, 309.78, 522.24. வித்தியாசங்கள் 45.24, 104.24, 160.30, 212.46. 238 இன் வித்தியாசங்களை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கழித்தால் 0.32, 0.78, 1.50, 1.5 கேஈவி. சதவீதமாக எல்லாமே 0.7 இலிருந்து 0.9 க்குள்.

சரி, இது ஒத்த பட்டையா? அரை கேஈவி, ஒன்றரை கேஈவி என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் எதிர்பார்த்தது 1.4, வந்தது 0.8 அளவில். எதிர்பார்த்த திசையிலேயே, எதிர்பார்த்ததில் பாதிக்கு மேல் போயிருக்கிறது. நான் இதை ஒத்த பட்டை என்று சொல்லத் தயங்குவேன். இரண்டு நியூத்திரன்தான் வித்தியாசம், அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற கருக்கள் கொஞ்சம் ஒத்துப்போவதில் பெரிய வியப்பில்லை.

இப்போது புளுட்டோனியம்-240 ஐயும் கியூரியம்-244 ஐயும் எடுங்கள். எதிர்பார்ப்பு: கியூரியத்தின் சக்திகள் 2.7 சதவீதம் குறைய வேண்டும். புளுட்டோனியத்தின் வித்தியாசங்கள் 42.82, 98.87, 152.63, 203.2. கியூரியத்தின் மட்டங்கள் 42.97, 142.35, 296.21, 501.8, ஆகவே வித்தியாசங்கள் 42.97, 99.38, 153.86, 205.6. பாருங்கள், குறையவே இல்லை, சற்றுக் கூடியிருக்கிறது! முதலாவதில் 0.35 சதவீதம், நான்காவதில் 1.2. நான்காவது காமாவில் ஐந்தரை கேஈவி குறைந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை கேஈவி கூடியிருக்கிறது. திசையே மாறிவிட்டது.

அந்தத் தம்பி காட்டிய புளுட்டோனியம்-240, கலிபோர்னியம்-250 சோடி இன்னும் ஒரு படி மேலே. எதிர்பார்ப்பு 6.6 சதவீதம் குறைய வேண்டும். 6 இலிருந்து 4 க்கு விழுகிற காமாவில் மட்டும் அது பத்து கேஈவி. கிடைத்ததோ முதலாவதில் 0.1 குறைவு, இரண்டாவதில் 0.3 கூடுதல், மூன்றாவதில் 1.7 கூடுதல். பத்துத் துகள் கூடியும் கருவின் சுழற்சிக்கு அது தெரியவே இல்லை. இதைத்தான் நான் ஒத்த பட்டை என்பேன். யுரேனியம் சோடியிலும் எண்கள் கிட்டத்தான் இருந்தன. ஆனால் அங்கே எதிர்பார்ப்பும் சிறியது, இங்கே எதிர்பார்ப்பு பெரியது. எண்களை வெறுமனே பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்தே இருக்காது.

என்னுடைய சொந்த அளவுகோல் இது: கிடைத்த வேறுபாடு எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று காமாக்கள் தொடர்ச்சியாக அப்படி இருக்க வேண்டும். எங்கும் எழுதி வைத்த விதி அல்ல, நீங்கள் இறுக்கியும் வைக்கலாம். ஆனால் எதை வைத்தாலும் தரவைப் பார்க்க முன்னரே வைத்துவிடுங்கள், பார்த்த பிறகு அளவுகோலை நீட்டிக் குறுக்கினால் எல்லாமே ஒத்த பட்டை ஆகிவிடும்.

வரைந்து பாருங்கள்

சதவீத வேறுபாட்டை நிலைக்குத்தாகவும் கோண உந்தத்தைக் கிடையாகவும் வைத்து வரையுங்கள். உண்மையாக ஒத்த பட்டை பூச்சியத்துக்குக் கிட்டப் படுத்திருக்கும். புளுட்டோனியம்–கியூரியம் சோடி 0.35, 0.52, 0.81, 1.2 என்று மெல்ல மெல்ல ஏறுகிறது, வரைபடம் இல்லாமல் இந்த ஏற்றம் கண்ணில் படாது. கீழே ஒத்துப்போய் மேலே பிரிகிற சோடிகள் நிறைய உண்டு, அவை பொய் அல்ல, ஆனால் எந்த இடம் வரைக்கும் ஒத்தவை என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.

இன்னும் மேலே, கோண உந்தம் 12, 14 அளவில் போனால் வேறொரு விஷயம் குறுக்கிடும். ஒரு சோடித் துகள் சுழற்சியின் வேகம் தாங்காமல் பிரிந்து சுழற்சி அச்சோடு சாய்ந்துவிடும், அப்போது காமா சக்தி ஏறுவதற்குப் பதிலாகக் குறைந்து, பிறகு திரும்ப ஏறும். 1971 இல் ஸ்டொக்ஹோமில் டிஸ்புரோசியம்-160 இல் முதலில் கண்டார்கள். உங்கள் வரைபடத்தில் இப்படி ஒரு வளைவு வந்தால் அதற்கு மேலே ஒப்பிடுவதை நிறுத்துங்கள். ஒரு கரு வளைவுக்கு முன்னும் மற்றது வளைவுக்குப் பின்னும் இருக்கும்போது எண்கள் தற்செயலாகப் பொருந்தினால் அதற்குப் பொருள் கிடையாது.

ஒரு பிழையை என் அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன். தொடங்கின காலத்தில் ஒரு கருவின் நிரலை ஒரு நிரை கீழே தள்ளி ஒட்டிவிட்டேன். 4 இலிருந்து 2 க்கு விழுவதை 6 இலிருந்து 4 க்கு விழுவதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஏன் நாற்பது சதவீதம் வேறுபடுகிறது என்று இரண்டு இரவு மண்டையைப் போட்டு உடைத்தேன். அதற்குப் பிறகு கோண உந்த நிரலை இரண்டு கருக்களுக்கும் தனித்தனியாக எழுதி, இரண்டும் சமமா என்று விரிதாளையே சரிபார்க்க விடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

காரணத்தைத் தேடுவது

ஒத்த சோடி கிடைத்ததும் அடுத்த கேள்வி ஏன் என்பதுதான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே விடை கிடையாது, ஆனால் சில இடங்களில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய காரணம் இருக்கிறது.

எர்பியம்-160 இல் இருந்து தொடங்கி ஒவ்வொரு முறையும் இரண்டு புரோத்தன், இரண்டு நியூத்திரன் கூட்டிக்கொண்டு போங்கள்: இற்றர்பியம்-164, ஹாப்னியம்-168, தங்ஸ்தன்-172. முதல் 2 மட்டம் முறையே 126, 123, 124, 123 கேஈவி அளவில். பருமன் கணக்குப்படி தங்ஸ்தனில் அது 112 க்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

இதற்கு ஓடுகளை, அதாவது கருவுக்குள் புரோத்தன்களும் நியூத்திரன்களும் தனித்தனியாக நிரப்பிக்கொண்டு போகிற சக்தி அடுக்குகளை, எண்ண வேண்டும். இந்தப் பகுதியில் புரோத்தன்களுக்கு 50 இலும் 82 இலும், நியூத்திரன்களுக்கு 82 இலும் 126 இலும் ஓடுகள் நிரம்புகின்றன. நிரம்பிய ஓட்டில் இருந்து எத்தனை துகள் தள்ளி இருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள், அரைவாசிக்கு மேல் போய்விட்டால் நிரம்புவதற்கு எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். எர்பியம்-160 க்கு 68 புரோத்தன், 82 க்கு 14 மிச்சம். 92 நியூத்திரன், 82 க்கு மேல் 10. பெருக்கினால் 140. இற்றர்பியத்துக்கு 12×12=144. ஹாப்னியத்துக்கு 10×14=140. தங்ஸ்தனுக்கு 8×16=128. புரோத்தன் பக்கம் ஓடு மூடிக்கொண்டு வருகிறது, நியூத்திரன் பக்கம் திறந்துகொண்டு போகிறது, பெருக்கம் பெரிதாக மாறுவதில்லை. கருவை நீட்டுவது இந்தப் புரோத்தன்–நியூத்திரன் இழுபறிதான் என்பதால் நீட்சியும் சோடி சேர்தலும் ஒத்த அளவில் நிற்கின்றன, பருமன் கூடிய விளைவை மற்றவை ஈடுசெய்துவிடுகின்றன.

இதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. 126 நியூத்திரனுக்கு மேலே அடுத்த ஓடு 184 இலும், புரோத்தனுக்கு 126 இலும் என்று எடுத்தால் புளுட்டோனியம்-240 க்கு 12×20=240, கலிபோர்னியம்-250 க்கு 16×26=416. பெருக்கம் ஒரேயடியாக ஏறியும் பட்டை மாறவில்லை. அந்தப் பகுதியில் கருவின் நீட்சி ஏற்கெனவே நிறைவுக்கு வந்துவிட்டது, இன்னும் துகள் சேர்ப்பதால் பெரிதாக நீளாது. அதனால் பெருக்கக் கணக்கை எர்பியம், இற்றர்பியம் போன்ற அருமண் பகுதிக் கருக்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கருக்களும் அந்த 1990 ஆம் ஆண்டும்

இந்த விஷயம் உலகத்தின் கண்ணில் பட்டது தரைமட்டப் பட்டைகளால் அல்ல. 1986 இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வுகூடத்தில் பீற்றர் ட்வின்னும் அவரது குழுவும் டிஸ்புரோசியம்-152 இல் ஒரு பட்டையைக் கண்டார்கள். நீளம் அகலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக நீண்டுபோன கரு. 602 கேஈவியில் இருந்து 1449 வரை பத்தொன்பது காமாக்கள், ஏறக்குறைய 47 கேஈவி இடைவெளியில், பனையோலைப் பாயின் கோடுகள் போல அவ்வளவு ஒழுங்காக. நான்கு வருடம் கழித்து 1990 இல் பிர்ஸ்கியும் கூட்டாளிகளும் பக்கத்துக் கருவான டெர்பியம்-151 இன் கிளர்ந்த (கூடிய சக்தியில் உள்ள) பட்டை ஒன்றில் அதே காமாக்களை, ஓரிரு கேஈவி வித்தியாசத்தில், ஒன்றின் பின் ஒன்றாகப் பார்த்தார்கள்.

எங்கள் கணக்கைப் போடுங்கள். 151 க்கும் 152 க்கும் 1.1 சதவீதம். 1400 கேஈவியில் அது பதினைந்து கேஈவி. கிடைத்தது ஒன்றிலிருந்து மூன்று.

அதைவிடப் பெரிய புதிர் உள்ளே இருக்கிறது, எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகப் பிடித்த இடம் இது. டெர்பியம்-151 இல் புரோத்தன்களின் எண்ணிக்கை ஒற்றை எண், ஆகவே அதன் கோண உந்தங்கள் முழு எண்கள் அல்ல, அரைகள்: 25½, 27½ என்று போகும். சுழலியின் காமா சக்தி, கோண உந்தத்தை நான்கால் பெருக்கி இரண்டைக் கழித்ததற்கு விகிதசமம். 26 க்கு 102, 28 க்கு 110, இடைவெளி 8. 26½ க்கு 104. அரை கூடினால் இடைவெளியில் கால்வாசி நகர வேண்டும், 47 இல் கால்வாசி என்றால் ஏறக்குறைய 12 கேஈவி. திணிவெண்ணை மறந்துவிட்டாலும் ஒற்றைக் கருவின் காமாக்கள் 12 கேஈவி தள்ளித்தான் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அப்படியென்றால் அந்த ஒற்றைத் துகள் விட்டுப்போன இடம் சுழற்சி அச்சோடு சரியாக அரை அலகு கோண உந்தத்தைத் தந்து கணக்கை நேராக்குகிறது. அதே ஆண்டிலேயே நசரேவிச்சும் ட்வின்னும் இன்னும் இருவரும் இதற்குப் போலிச்சுழல் என்ற சமச்சீரில் விளக்கம் கொடுத்தார்கள்: சில ஒழுக்குகளில் துகளின் சுழல், மற்ற அசைவில் இருந்து கழன்று சுழற்சியோடு சாய்ந்து நிற்கும். அரை அலகு ஏன் என்பதற்கு அது நல்ல விடை. 1.1 சதவீதம் எங்கே போனது என்பதற்கு அது மட்டும் போதாது.

நீங்கள் ஒற்றைக் கருவை ஒப்பிடப்போனால் முதலில் மூன்று வரிகளை வரையுங்கள். இரட்டைக் கருவின் காமாக்கள், அவற்றின் இடைவெளிகளில் கால்வாசிப் புள்ளிகள், அரைவாசிப் புள்ளிகள். ஒற்றைக் கருவின் காமாக்கள் எந்த வரியில் வந்து விழுகின்றன என்று பாருங்கள். மிகையாக நீண்ட பட்டைகளுக்கு இந்த முறைதான் கைகொடுக்கும், ஏனென்றால் பல பட்டைகளின் கோண உந்தமே உறுதியாகத் தெரியாது. டிஸ்புரோசியம்-152 இன் அந்தப் புகழ்பெற்ற பட்டையைக் கீழே உள்ள சாதாரண மட்டங்களோடு இணைக்கிற காமா 2002 இல்தான் கிடைத்தது, பதினாறு வருடம் ஆனது. கோண உந்தம் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் அது ஊகம் என்று பொருள். அதை வைத்து நிரைகளைப் பொருத்தாமல் சக்தியை வைத்துப் பொருத்துங்கள்.

கையோடு செய்து பார்க்க ஒரு சோடி

அந்தத் தம்பிக்கு வீட்டுவேலையாகக் கொடுத்தது: டிஸ்புரோசியம்-162, மட்டங்கள் 80.66, 265.66, 548.5, 921.0. எர்பியம்-166, மட்டங்கள் 80.58, 264.99, 545.4, 911.2. முதலில் பருமன் கணக்கை எழுதுங்கள், 4 சதவீதம் வர வேண்டும். பிறகு கழியுங்கள். பிறகு ஓடுகளை எண்ணுங்கள்: டிஸ்புரோசியத்துக்கு 66 புரோத்தன், 96 நியூத்திரன், எர்பியத்துக்கு 68 உம் 98 உம்.

அடுத்த நாள் காலையில் அவர் அனுப்பிய விரிதாளில் வேறுபாடு 0.1, 0.3, 0.9, 1.8 சதவீதம் என்று இருந்தது, பக்கத்தில் 16×14, 14×16, இரண்டும் 224. கீழே சிவப்பு எழுத்தில் "6 வரைக்கும் ஒத்தது, 8 இல் இல்லை" என்று எழுதியிருந்தார். 10 ஐயும் 12 ஐயும் நியூடாட்டில் எடுத்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.